ஒரு பைட் நகர்ந்த முகவரி

இயங்குதளத்தின் மையமான கெர்னல் கிராஷ் ஆனதும், எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்று பதிவில் வரும் ஸ்டாக் டிரேஸைப் பார்த்து, அதில் முதலில் நிற்கும் ஃபங்ஷனையே குற்றவாளி என்று முடிவு கட்டும் பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு உண்டு. நல் பாயின்டர் (எதையும் காட்டாத காலி முகவரி) மாதிரி நேரடிக் கோளாறுகளில் அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மெமரியை யாரோ கெடுத்துவிட்டுப் போன கேஸ்களில் அந்த ஃபங்ஷன் அனேகமாக அப்பாவி. வழியில் நின்றதற்காக அடி வாங்கியது, அவ்வளவுதான். இதை எனக்கு நன்றாகப் புரிய வைத்தது சித்தூர் தாலுகாவில் ஒரு பால் சொசைட்டி.

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம் அது. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம் என்று எல்லையை ஒட்டிய ஊர்கள். ரெஜிஸ்டர் மலையாளத்தில் இருக்கும், பேச்செல்லாம் தமிழ். நான் வேலை பார்த்தது கஞ்சிக்கோட்டில் ஒரு சின்ன நிறுவனம். சொசைட்டிகளுக்கான ஒரு பெட்டியைச் செய்து கொடுத்தோம். எடை மெஷின் சொல்லும் லிட்டர், அனலைசர் சொல்லும் கொழுப்பு, எஸ்என்எஃப் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்), இவற்றைச் சேர்த்து உறுப்பினர் கணக்கில் ஏற்றி, ஸ்லிப் அடித்து, 4ஜி டாங்கிள் வழியாக சர்வருக்கு அனுப்பும். உள்ளே 32 பிட் ஆர்ம் போர்டு, இரண்டு கோர், 512 எம்பி ராம், லினக்ஸ் 5.4.

காலை ஆறு மணிக்கு ஆட்கள் கேனோடு வரிசையில் நிற்கும்போது பெட்டி தானாக ரீபூட் ஆகிறது என்று புகார். தினமும் இல்லை. சில நாள் ஒன்றும் இருக்காது, சில நாள் ஒரே காலையில் திரும்பத் திரும்ப வரும். போர்டுக்குத் தனி பேட்டரி உண்டு, அதனால் கரண்டு போவதால் அணைகிறது என்று சொல்லவும் வழியில்லை.

அலுவலகத்தில் முதலில் எழுந்த பெயர் வெயில். பாலக்காட்டு மார்ச் மாதத்தின் மேல் எந்தப் பழியையும் போடலாம், யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் கிராஷ் வருவது விடிகாலையில். அடுத்து ராம் சிப். ராத்திரி முழுக்க ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்டர் ஓட்டினோம், ஒரு பிட் கூடத் தவறவில்லை. சொசைட்டி செக்ரட்டரி மட்டும் வேறு ஒன்று சொன்னார்: "தம்பி, கரண்டு போயி இன்வெர்ட்டர் எடுத்துச்சுன்னா உங்க பெட்டிக்குக் கொஞ்ச நேரத்துல கிறுக்குப் புடிச்சுக்குது." அந்தக் 'கொஞ்ச நேரத்துல' என்பதுதான் விஷயமே. ஆனால் சர்வீஸ் பதிவேட்டில் அது 'மின்தடைப் புகார்' என்று ஏறி, எலக்ட்ரிகல் ஆளுக்குப் போய்விட்டது.

அங்கே சீரியல் கேபிள் மாட்டிக்கொண்டு யாரும் உட்கார முடியாது. ராமூப்ஸ் வசதியைப் போட்டோம். ராமில் ஒரு சின்னப் பகுதியை ஒதுக்கி வைத்தால், கெர்னல் விழும்போது கடைசிப் பதிவுகளை அதில் எழுதிவிடும். கரண்டை வெட்டாமல் ரீபூட் ஆனால் அது அழியாது, அடுத்த முறை எழுந்ததும் எடுத்துக்கொள்ளலாம். இப்படிச் சேர்ந்த பதிவுகளில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஒன்றில் மோடம் டிரைவர் (மோடத்தை இயக்கும் கோடு), ஒன்றில் ஃபைல் சிஸ்டம், இன்னொன்றில் நெட்வொர்க். பொதுவாக இருந்தது இரண்டே. எல்லாமே கேமல்லாக்கின் உள்ளே, மெமரி கேட்கும் இடத்தில் விழுந்திருந்தன. எல்லாமே 128 பைட் வரிசையில்.

கெர்னல் சின்னச் சின்ன மெமரித் துண்டுகளைத் தருவது ஸ்லப் அல்லோகேட்டர் வழியாக. கிறிஸ்டோஃப் லாமீட்டர் எழுதியது, 2007இல் கெர்னலுக்குள் வந்தது. 64, 128, 192 பைட் என்று அளவுவாரியாகத் துண்டுகளை அடுக்கி வைத்திருக்கும். காலியாக இருக்கும் துண்டுகளின் பட்டியலைத் தனியாக எழுதி வைப்பதில்லை. காலி வீட்டுக் கதவில் அடுத்த காலி வீட்டின் முகவரியைச் சுண்ணாம்பால் எழுதி வைப்பது மாதிரி, ஒவ்வொரு காலித் துண்டுக்குள்ளேயே அடுத்த காலித் துண்டின் முகவரி இருக்கும். 5.4 கெர்னலில் அது துண்டின் முதல் நான்கு பைட்டில் இருக்கும். 5.7இல் இருந்து நடுப்பகுதிக்கு நகர்த்திவிட்டார்கள், பக்கத்துத் துண்டில் எழுதுவது எல்லை தாண்டி வழிந்து வந்து அதைக் கெடுக்காமல் இருக்க. ஆக, திருப்பிக் கொடுத்த துண்டில் பழைய சொந்தக்காரர் எதையாவது கிறுக்கினால், கதவில் இருக்கும் முகவரி கெட்டுப்போகும். அடுத்து மெமரி கேட்டு வருகிற ஆள், அவர் யாராக இருந்தாலும், அந்த முகவரியை நம்பிப் போய் விழுவார்.

எங்கள் டீமில் ஒரு அக்கா இருந்தார், எல்லாரும் ஸ்டாக் டிரேஸைப் பார்த்தால் அவர் ப்ராசஸரின் ரிஜிஸ்டர்களில் இருந்த எண்களைப் பார்ப்பார். கெர்னல் போய் விழுந்த முகவரி, பதினாறடிமான எண்ணில், 00சி5ஏ123 என்கிற பாணியில் இருந்தது. அந்தப் போர்டில் இந்தத் துண்டுகளின் முகவரிகள் சி அல்லது டி என்ற எழுத்தில்தான் தொடங்கும். "இது குப்பை இல்லப்பா, சி5ஏ123 என்று தொடங்குற நல்ல முகவரியேதான். ஒரு பைட் தள்ளி நின்னு படிச்சிருக்கு" என்றார். ஒரு பைட் தள்ளிப் படிக்க வேண்டுமென்றால், அதற்கு முந்தைய முகவரியில் யாரோ ஒன்றைக் கூட்டியிருக்க வேண்டும். இந்த வகை ஆர்மில் துண்டுகள் 64 பைட் எல்லையில்தான் தொடங்கும், ஒற்றைப்படை முகவரிக்கு அங்கே வேலையே இல்லை. கெட்டுப்போன ராம் சிப் இவ்வளவு ஒழுங்காகக் கூட்டல் போடாது.

அப்படியானால் தேட வேண்டியது, விடுவித்த பிறகும் தன் துண்டின் முதல் எண்ணில் ஒன்றைக் கூட்டும் ஏதோ ஒரு டிரைவர். யோசித்துக் கண்டுபிடிப்பதைவிட கெர்னலைச் சீக்கிரம் விழ வைப்பது நல்லது என்பது என் கட்சி. மெமரித் தவறுகளைப் பிடிக்கும் கேசான் இருந்தால் ஒரே ஓட்டத்தில் சொல்லிவிடும். 2015இல் 4.0 கெர்னலில் வந்த கருவி அது, ஆனால் 32 பிட் ஆர்முக்கு அது வந்தது 2021இல், 5.11இல். எங்களிடம் இருந்தது 5.4. சரி, ஸ்லப்பிலேயே இருக்கும் சோதனை வசதியான ஸ்லப் டீபக்கையே பூட் ஆப்ஷனில் ஏற்றினோம். விடுவித்த துண்டு முழுவதையும் 6பி என்ற பைட்டால் நிரப்பிவிடும், கடைசி பைட் மட்டும் ஏ5. மெமரியும் வேகமும் அடி வாங்கும், பரவாயில்லை.

செக்ரட்டரி சொன்னதை அப்போதுதான் பழைய பதிவுகளோடு ஒட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு கிராஷுக்கும் முன்னால், சில நொடியோ சில நிமிடமோ தள்ளி, யுஎஸ்பி துண்டிப்பு என்று ஒரு வரி இருந்தது. எடை மெஷின் மாட்டியிருந்த யுஎஸ்பி ஹப்புக்கு பேட்டரி இல்லை. இன்வெர்ட்டர் மாறும் கணத்தில் ஹப் ஒரு மூச்சு நின்று வரும், எடை மெஷின் போய் வரும். கஞ்சிக்கோட்டில் மேஜை மேல் வைத்து, டிரைவரைக் கழற்றி மாட்டும் வேலையை ஒரு ஸ்கிரிப்டில் போட்டு விட்டோம். வயரைப் பிடுங்கிப் பிடுங்கிக் கை வலிக்க வேண்டியதில்லை.

இந்தத் தடவை கிராஷ் கேமல்லாக்கில் வரவில்லை. டைமர் கோடில் வந்தது. விழுந்த முகவரி 6பி6பி6பி6எஃப். எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை வீட்டில் யாரிடமும் விளக்க முடியவில்லை. 6பி6பி6பி6பியோடு நாலைக் கூட்டினால் அதுதான். பட்டியலில் அடுத்த கணுவுக்குப் போய் அதன் இரண்டாவது பாயின்டரில் எழுதப் பார்த்திருக்கிறது. அதாவது, விடுவித்த துண்டுக்குள் ஒரு டைமர் உயிரோடு இருந்திருக்கிறது.

யாருடைய டைமர்? டைமர் கோடில் விழுந்த டிரேஸ் அதைச் சொல்லாது, சொந்தக்காரர் எப்போதோ கிளம்பிவிட்டார். இதற்கென்றே கெர்னலில் டீபக் ஆப்ஜெக்ட்ஸ் என்று ஒன்று இருக்கிறது. தாமஸ் கிளெய்க்ஸ்னர் 2008இல் கொண்டுவந்தது. ஓடிக்கொண்டிருக்கும் டைமர் உள்ள துண்டை யாராவது விடுவித்தால், விடுவிக்கும் அந்தக் கணத்திலேயே ஆள் பெயரைச் சொல்லி எச்சரிக்கும். என்னைக் கேட்டால் கேசானுக்குக் கிடைக்கும் புகழில் கால்வாசியாவது இதற்குக் கிடைத்திருக்க வேண்டும். அதை இயக்கிக் கெர்னலைக் கட்டி ஓட்டியதும், எடை மெஷின் டிரைவரின் டிஸ்கனெக்ட் ஃபங்ஷன் பெயர் பளிச்சென்று வந்து நின்றது.

அந்த டிரைவர் மெஷினோடு வந்தது, லினக்ஸின் பொதுக் கோடில் இல்லாதது. ஒரு டைமர் அவ்வப்போது எழுந்து, ஸ்ட்ரக்சரின் முதல் உறுப்பான போலிங் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டும், 'கழற்றியாச்சு' என்ற கொடி உயர்ந்திருக்கிறதா என்று பார்க்கும், இல்லையென்றால் தன்னையே மறுபடி ஏற்றிக்கொள்ளும். டிஸ்கனெக்ட் வந்தால் கொடியை உயர்த்தி, டெல் டைமர் கூப்பிட்டு, மெமரியை விடுவித்துவிடும். படிக்கும்போது நல்லபிள்ளையாகத்தான் தெரியும். ஆனால் டெல் டைமர் காத்திருப்பதில்லை. டைமர் எழும்போது ஓடும் ஃபங்ஷனான ஹேண்ட்லர் இன்னொரு கோரில் ஓடிக்கொண்டிருந்து, கொடியை ஏற்கெனவே பார்த்துத் தாண்டியிருந்தால், இங்கே டெல் டைமர் முடிந்த பிறகு அது தன்னை ஏற்றிக்கொள்ளும். அடுத்த முறை எழும்போது அந்தத் துண்டு இன்னும் காலியாகவே கிடந்தால், முதல் எண்ணில் ஒன்றைக் கூட்டும். இப்போது அந்த எண் போலிங் எண்ணிக்கை இல்லை, அடுத்த காலித் துண்டின் முகவரி. கொடி உயர்ந்திருப்பதைப் பார்த்து இனி ஏற்றிக்கொள்ளாமல் சமர்த்தாகப் போய்விடும். ஒரே ஒரு ஒன்று. அக்கா ரிஜிஸ்டரில் பார்த்த அதே ஒன்று.

டெல் டைமர் சிங்க் என்று மாற்றினால் ஹேண்ட்லர் முடியும்வரை காத்திருக்கும், ஒரு சொல் சேர்த்தால் போதும் என்று கிளம்பினோம். போதவில்லை. டிஸ்கனெக்ட் ஒரு ஸ்பின்லாக்கை (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பிடிக்கக்கூடிய பூட்டு) பிடித்துக்கொண்டே டைமரை நிறுத்துகிறது, ஹேண்ட்லரும் அதே லாக்கைக் கேட்கிறது. இவன் ஹேண்ட்லருக்குக் காத்திருக்க, ஹேண்ட்லர் லாக்குக்குக் காத்திருக்க, பெட்டி ரீபூட் ஆவதற்குப் பதில் அப்படியே உறைந்து நிற்கும். லாக்குகளைச் சரிபார்க்கும் கெர்னல் கருவியான லாக்டெப் இதை மேஜையிலேயே பிடித்துக் கொடுத்தது. லாக்கை விட்ட பிறகு டைமரை நிறுத்தி, அதற்கப்புறம் விடுவிப்பது என்று வரிசையை மாற்றி எழுதியதுதான் உண்மையான பேட்ச். டிரைவர் கொடுத்தவர்களுக்கும் அனுப்பினோம். புதிய பதிப்புக்கு மாறுங்கள் என்று பதில் வந்தது. புதிய பதிப்பிலும் அதே டெல் டைமர் அப்படியே இருந்தது.

2023இல் வந்த 6.2 கெர்னலில் டைமர் ஷட்டவுன் சிங்க் என்று ஒன்றைச் சேர்த்தார்கள். நிறுத்திய டைமரை யாரும் மறுபடி ஏற்றவே முடியாதபடி செய்வது. அதைச் சேர்க்க வேண்டி வந்ததே, இந்த நோய் எத்தனை டிரைவர்களில் இருந்தது என்பதைச் சொல்லும். எங்கள் பெட்டிகள் 5.4இலேயே இருப்பதால் எங்கள் பேட்ச்தான் ஓடுகிறது. அந்த சொசைட்டியில் ஹப்புக்கும் பேட்டரி கொடுக்கலாம் என்று எலக்ட்ரிகல் ஆள் சொன்னார், நான் வேண்டாம் என்றேன். இன்வெர்ட்டர் மாறும்போதெல்லாம் எடை மெஷின் போய் வரட்டும். எங்களிடம் இருப்பதிலேயே நல்ல டெஸ்ட் பெட்டி அதுதான்.