மெமெண்டோவை இரண்டாம் முறை பார்ப்பவர்களுக்கு

சிக்கலான படம் முடிந்ததும் நேராக 'முடிவு விளக்கம்' காணொளிக்கு ஓடாதீர்கள். அந்த வேலையை ஒரு நோட்டும் பேனாவும் இன்னும் நன்றாகச் செய்யும்.

கிறிஸ்டோபர் நோலனின் 'மெமெண்டோ' (2000) இதற்குத் தோதான படம். (பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், கதை உடைபடும்.) வண்ணக் காட்சிகள் பின்னோக்கிப் போகும், கறுப்பு வெள்ளை முன்னோக்கி வரும். பக்கத்தில் நடுவே ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் வண்ணம், வலப்பக்கம் கறுப்பு வெள்ளை என்று ஒவ்வொரு துண்டின் முதல் ஷாட்டையும் கடைசி ஷாட்டையும் குறியுங்கள். ஒரு வண்ணத் துண்டு முடிகிற இடம், அதற்குமுன் காட்டிய வண்ணத் துண்டின் தொடக்கம் என்பது நாலைந்து வரிகளிலேயே பிடிபட்டுவிடும். இடப்பக்கத்தைக் கீழிருந்து மேலாக வாசித்தால் கால வரிசை. கடைசிப் பகுதியில் ஒரு போலராய்டு (எடுத்தவுடன் அச்சாகி வரும் புகைப்படம்) துலங்கும்போது கறுப்பு வெள்ளை வண்ணமாகிறதே, இரண்டு பக்கமும் சேர்வது அங்கேதான்.

வரிசைப்படுத்தியதோடு புதிர் தீர்ந்தது என்று பலர் நோட்டை மூடிவிடுகிறார்கள். ஆனால் நோலன் ஏன் வரிசையைக் கலைத்துப் போட்டார்? கூடவே சுற்றும் டெடியின் புகைப்படத்தில் 'இவன் பொய்களை நம்பாதே' என்றிருப்பதை, புதிய நினைவுகள் தங்காத நாயகன் லெனார்டைப் போலவே நாமும் நம்புகிறோம். எழுதிய சூழல் அவனுக்கு நினைவில்லை, நமக்கு இன்னும் காட்டப்படவில்லை. நேர்வரிசையில் அடுக்கினால் இந்த ஏமாறல் செத்துவிடும்.

அப்புறம், மனநலக் காப்பக நாற்காலியில் சாமி (லெனார்ட் அடிக்கடி சொல்லும் கதையில் வரும், அவனைப் போலவே நினைவு தங்காத சாமி ஜாங்கிஸ்) உட்கார்ந்திருக்கும் ஷாட்டில் கண் இமைக்காதீர்கள். ஒருவர் குறுக்கே நடந்து போனபின் ஒரு கணம் அங்கே இருப்பது லெனார்ட். அதை வைத்து மட்டும் சாமியின் கதை லெனார்டின் சொந்தக் கதைதான் என்று தீர்ப்பு எழுதிவிடவும் முடியாது. அப்படிச் சொல்லும் டெடியும் நம்பகமான சாட்சியில்லை.