"சாமி கண்ணைக் குத்தும்": மெய்யியல் தாளில் நான் சறுக்கிய இடம்

சிவில் சர்வீஸ் மெயின்ஸில் மெய்யியலை விருப்பப் பாடமாக எடுத்தவர்களுக்குத் தெரியும், இரண்டாம் தாளில் 'மதமும் அறமும்' என்று ஒரு தலைப்பு உண்டு. இதில் படிக்க என்ன இருக்கிறது என்று நான் விட்டுவிட்டேன். மாதிரித் தேர்வில் அதிலிருந்தே 20 மார்க் கேள்வி: கடவுள் நம்பிக்கை இல்லாமல் நன்மை, தீமை உண்டா? காந்தி, 'தீதும் நன்றும் பிறர்தர வாரா', பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்ற எங்கள் பாட்டி, எல்லோரையும் வரிசையாக நிறுத்தி மூன்று பக்கம் எழுதினேன். ஆறு மார்க். ஓரத்தில் சிவப்பு மையில், "இது எந்தக் கேள்விக்குப் பதில்?"

கோபம் அடங்க இரண்டு நாள் ஆனது. அப்புறம் படித்துப் பார்த்தால், திருத்தியவர் கேட்டது சரிதான். நன்மை நம் நம்பிக்கையைச் சாராமல் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அது கடவுளிடமிருந்து வருகிறதா என்பது இன்னொன்று. நான் இரண்டையும் ஒன்றாகக் குழப்பியிருந்தேன்.

கிரேக்க மெய்யியலாளர் பிளேட்டோ எழுதிய 'யூதிஃப்ரோ' என்ற உரையாடலை எல்லோரும் ஒரு வரியில் ஒப்பிப்பார்கள்: நல்லது என்பதால் தெய்வம் விரும்புகிறதா, தெய்வம் விரும்புவதால் நல்லதா? கதையையும் படியுங்கள். குடிபோதையில் அடிமை ஒருவனைக் கொன்ற கூலியாளை யூதிஃப்ரோவின் அப்பா கட்டிப் பள்ளத்தில் போடுகிறார். என்ன செய்யலாம் என்று சமய விதி தெரிந்தவரிடம் கேட்டுவர ஏதென்சுக்கு ஆள் அனுப்புகிறார். பதில் வருவதற்குள் கூலியாள் பசியிலும் குளிரிலும் செத்துப்போகிறான். அப்பா மேல் மகனே வழக்குப் போடுகிறான், தெய்வத்தின் பெயரைச் சொல்லி. இந்தக் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான முன்னுரை எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்து மீமாம்சை, வேதவிதிகளை ஆராயும் இந்திய மெய்யியல் மரபு. பலர் இதைத் தொடுவதே இல்லை. தர்மத்தை வேதவிதி சொல்லித்தான் அறியமுடியும் என்பார்கள். ஆனால் அந்த வேதத்தை யாரும் இயற்றவில்லை, கடவுள்கூட இயற்றவில்லை என்பார்கள். இந்த மரபின் குமாரிலர் உலகைப் படைத்த கடவுளையே மறுத்தவர். மதம் உண்டு, கட்டளையிடும் கடவுள் இல்லை! மறுபக்கம் ஜே. எல். மெக்கி என்ற மேற்கத்திய மெய்யியலாளர். கடவுளையும் ஏற்காதவர், நம் நம்பிக்கையைச் சாராத, புறவயமான நன்மை தீமையும் இல்லை என்று 1977இல் எழுதியவர். படைத்த கடவுளை இருவருமே ஏற்கவில்லை, ஆனால் ஒருவருக்குத் தர்மம் உண்டு, மற்றவருக்குப் புறவயமான நன்மை இல்லை. இந்த இருவரையும் எதிரெதிரே வைத்தாலே இரண்டு கேள்விகளும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். எல்லோரும் எழுதும் ஜெர்மன் மெய்யியலாளர் கான்ட்டுக்கு நான்கு வரி போதும்.

அடுத்த தேர்வில் 11 மார்க். பாட்டியை அப்போதும் விடவில்லை. பொய் சொல்லாமல் இருக்க அவர் சாமியைக் காட்டினார், பொய் ஏன் கெட்டது என்று சொல்லவில்லை என்று எழுதினேன். அந்த வரிக்குக் கீழே மட்டும் ஒரு டிக் இருந்தது.