அமெரிக்கக் கணக்கில் கல்லடிப் பல்

போன டிசம்பரில் இலங்கைக்கு, மட்டக்களப்புக் கல்லடிக்கு வந்து இறங்கியபோது பெட்டிக்குள் சொக்லேட், வாய்க்குள் ஒரு சொத்தைப் பல், ஒஹாயோவில் என் எஃப்எஸ்ஏ கணக்கில் 190 டொலர். டிசம்பர் 31 தாண்டினால் அந்த 190உம் என்னுடையதல்ல.

எஃப்எஸ்ஏ என்பது வேலைசெய்யும் இடத்தின் மூலம் வைத்திருக்கும் மருத்துவச் செலவுக் கணக்கு. வருடம் பிறக்குமுன் தொகையை எழுதிக் கொடுத்தால், வரி பிடிக்குமுன்பே சம்பளத்தில் துண்டுதுண்டாகக் கழிப்பார்கள். 2025இல் உச்சவரம்பு 3,300 டொலர். நான் 800 எழுதினேன். எனக்கு வருமான வரி 22 வீதம், ஓய்வூதியத்துக்குப் பிடிக்கிற சோஷல் செக்யூரிட்டியும் முதியோர் வைத்தியத்துக்குப் பிடிக்கிற மெடிகெயாரும் சேர்ந்து 7.65 வீதம். ஆக, 237 டொலர் வரி மிச்சம்.

அத்தானுக்கு இதை விளங்கப்படுத்த, சீட்டுப் பிடிக்கிற கதையைத்தான் எடுத்தேன். முதல் மாதமே, கழிவே இல்லாமல், முழுச் சீட்டையும் எடுக்கலாம். ஜனவரியில் 800ஐயும் செலவழித்துவிட்டு மார்ச்சில் வேலையை விட்டாலும் மிச்சத்தைக் கட்டச் சொல்ல மாட்டார்கள். “அப்ப கம்பனிக்காரன் என்ன விசரனா?” என்றார். விசரனில்லை. எடுக்காமல் விட்ட காசு அவனுக்குத்தான். நிறுவனம் மனம் வைத்தால், 2025இல் மிஞ்சியதில் 660 டொலர் வரை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக விடலாம், அல்லது செலவழிக்க இரண்டரை மாதம் கூடுதல் அவகாசம் கொடுக்கலாம். எங்களுடையது இரண்டுக்கும் மனம் வைக்கவில்லை. கலியாணம், பிள்ளைப்பேறு மாதிரி ஏதும் நடந்தாலொழிய, எழுதிய தொகையை இடையில் மாற்றவும் முடியாது. முதல் வருடம் ஆசையில் 1,500 எழுதி, கடைசி மாதத்தில் கண்ணாடி, சன்ஸ்கிரீன், டைலினோல் (அங்கத்தைய பனடோல்) என்று வாங்கிக் குவித்தும் 310 டொலர் போனது. அந்த டைலினோல் இன்னும் முடியவில்லை.

சரி, பல்லுக்கு வருவோம். வெளிநாட்டில் செய்த வைத்தியமும், இரண்டு நாட்டுச் சட்டத்துக்கும் ஒத்ததாக இருந்தால் செல்லும். வீட்டுக்குக் கிட்ட உள்ள பல் டொக்டரிடம் வேர்ச் சிகிச்சை செய்தேன், 28,000 ரூபாய். பற்றுச்சீட்டு கேட்டதற்கு, கவுண்டரில் இருந்த தங்கச்சி உள்ளங்கையளவு துண்டில் ‘பல் – 28,000’ என்று எழுதி நீட்டினா. அந்தக் கணக்கைப் பார்க்கிறவர்களுக்கு வைத்தியரின் பெயர், நோயாளியின் பெயர், வைத்தியம் செய்த திகதி, என்ன செய்தது, எவ்வளவு என்ற ஐந்தும் வேண்டும். காட் தேய்த்த துண்டு காணாது. தங்கச்சி என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, டொக்டரின் தலைப்புத்தாளில் ஆங்கிலத்தில் எழுதி, சீல் குத்தி, ஒன்றுக்கு இரண்டாகத் தந்தா. அன்றைய டொலர் விலையை ஓரத்தில் நானே எழுதிப் படம் பிடித்து அனுப்பினேன். காசு வந்துவிட்டது.

மருந்தில் ஒரு வேடிக்கை. டொக்டர் எழுதித் தந்ததை இங்கேயே வாங்கி இங்கேயே விழுங்கினால் சரி. “அங்க விலை, ஆறு மாசத்துக்கு வாங்கிக்கொண்டு போ” என்று அக்கா சொன்ன மாதிரிப் பெட்டியில் போட்டுக்கொண்டு போனால் அதற்குக் காசு இல்லை.

பல்லுக்குப் போக மிச்சமிருந்ததில் அம்மாவுக்குக் கண்ணாடி மாற்றலாம் என்றுதான் நினைத்திருந்தேன். பெரியாஸ்பத்திரிக் கிளினிக்கில் காசில்லாமல் கண்ணைச் சோதித்துத் துண்டும் தந்திருந்தார்கள். கண்ணாடிதான் வெளியில் வாங்க வேண்டும். நல்லவேளை, வாங்குமுன் விதியைப் பார்த்தேன். எனக்கும் என் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் தாராளமாக எடுக்கலாம். தாய் தகப்பனென்றால், வரிச் சட்டப்படி என்னில் தங்கியிருப்பவர்களாக இருக்க வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர் அந்தக் கணக்கில் வர, அமெரிக்காவிலோ கனடாவிலோ மெக்சிகோவிலோ வசிக்க வேண்டும். அம்மாவின் செலவு முழுவதையும் நான்தான் பார்க்கிறேன் என்பது அங்கே எடுபடாது.

அம்மாவிடம் சொன்னேன். பழைய கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் துடைத்தா.

“கனடாவில இருக்கிற உன்ர பெரியம்மாவுக்கு எடுக்கலாம், கல்லடியில இருக்கிற எனக்கு ஏலாதாமா?”

பெரியம்மாவைப் பார்க்க அவவின் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவ என் கணக்கில் வரமாட்டா என்று சொல்லத் தொடங்கினேன். “மறுகா சொல்லு” என்று எழும்பிப் போய்விட்டா. கண்ணாடிக்குக் கைக்காசு கொடுத்தேன். பழைய ஃபிரேமையே போடச் சொல்லி அடம்பிடித்ததால் செலவு பாதிதான்.