150 ஹெர்ட்ஸும் காம்போதி நிஷாதமும்

அத்தை வீணையில் வாசித்த காம்போதி ராக ஆலாபனை ஒருவழியாக மிக்ஸில் உட்கார்ந்துவிட்டது. கரண்டால் வருகிற ஹம் இரைச்சல் போய்விட்டது, நிஷாதம் (நி ஸ்வரம்) தங்கிவிட்டது. இந்த இரண்டையும் சேர்த்துச் சாதித்ததில் எனக்கு ரொம்பப் பெருமை.

அம்பையில் (அம்பாசமுத்திரம்) எங்கள் பழைய வீட்டு நடு அறையில்தான் பதிவு. சுவர் பிளக்கில் எர்த் சரியில்லை. லேப்டாப் பேட்டரி ஒரு ராகத்துக்குத் தாங்காது, சார்ஜர் மாட்டியே ஆகவேண்டும். ஃபேனை நிறுத்திய பிறகும் 50, 100, 150 ஹெர்ட்ஸில் ஹம் நின்றது. மறுபடி வாசிக்கச் சொல்லலாம்தான். ஆனால் அன்றைக்கு அமைந்த ஆலாபனை அப்படியே திரும்ப வராது.

சுருதி 3 கட்டை. வீணையில் வாசிக்கிற நான்கு தந்திகளில் சாரணி 164.8, பஞ்சமம் 123.6, மந்தரம் 82.4, அனுமந்தரம் 61.8 ஹெர்ட்ஸ். தந்தி வாத்தியம் என்றாலே 80க்குக் கீழே ஹை-பாஸ் (தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் ஃபில்டர்) போடு என்று எல்லாரும் சொல்கிறார்கள். அது கிதாருக்கான கணக்கு. அதன் கடைசித் தந்தியே 82.4தான். வீணைக்கு அதைச் செய்தால் அனுமந்தரத்தின் அடிநாதமே போய்விடும். கோபமாக வருகிறது. 50இல் மட்டும் ஒல்லியாக ஒரு நாட்ச் (அந்த இடத்தை மட்டும் வெட்டும் ஃபில்டர்) போதும், அங்கே எந்தத் தந்தியும் இல்லை. 100இல் வெட்டினாலும் அது மந்தர ஸ்தாயி காந்தாரத்துக்கு (103) கீழே தப்பிவிடுகிறது.

சிக்கல் 150தான். இந்தச் சுருதியில் மந்தர ஸ்தாயி கைசிகி நிஷாதம் (தாழ்ந்த நி) 147 பக்கம். காம்போதியில் ‘ச நி ப த ச’ பிடிக்கும்போது வருகிற காகலி (உயர்ந்த நி) 154.5 பக்கம். ஹம் சரியாக இரண்டுக்கும் நடுவில்! நாட்ச் எவ்வளவு ஒல்லி என்று சொல்வது கியூ. கியூ 10 வைத்தால் 15 ஹெர்ட்ஸ் அகலத்துக்கு வெட்டி, இரண்டு நிஷாதத்தையும் சப்பென்று ஆக்குகிறது. கியூ 40 வைத்தாலும், நிஷாதத்தை அசைத்து ஷட்ஜத்துக்கு இழுக்கும்போது கமகம் 150ஐத் தாண்டித்தானே போகவேண்டும்? அந்த இடத்தில் ஒலி ஒரு கணம் குழிகிறது. ஹெட்போனில் அத்தை கேட்ட உடனே, “எய்யா, நான் நிஷாதம் பிடிச்சேன்லா, அது எங்க போச்சு?” என்றாள்.

ரீப்பர் மென்பொருளில் இரைச்சலைக் கழிக்கிற ரியாஃபிர் சப்ட்ராக்டும் பார்த்தேன். மீட்டு அடங்குகிற வாலில் ஒலி நீருக்குள் போனது மாதிரி ஆகிறது. ஹம்மை ரத்துசெய்ய 150இல் எதிர் ஃபேஸில் சைன் அலை சேர்த்தாலும் நிற்காது. கரண்டின் அதிர்வெண் 50ஐச் சுற்றி நகர்ந்துகொண்டே இருக்கும், அதன் மும்மடங்கு இன்னும் அதிகம் நகரும்.

கடைசியில் காதையே நம்பினேன். தந்தி ஒலிக்கும்போது ஹம் அதற்குள் மறைந்துவிடுகிறது. வெளியே தெரிவது ஒரு பிடிக்கும் அடுத்த பிடிக்கும் இடையே விடுகிற மௌனத்தில் மட்டும். ஆகவே 150 நாட்ச்சின் கெயினை (எவ்வளவு வெட்டுவது என்பதை) நேரத்துக்கு ஏற்ப மாற்றுகிற ஆட்டோமேஷனில் கையால் வரைந்தேன். வாசிக்கும்போது பூஜ்யம், வால் அடங்க அடங்க மெல்ல இறங்கி, அடுத்த மீட்டுக்குச் சற்று முன்னே மேலேறவேண்டும். மீட்டின் மேலேயே ஏறினால் ‘டப்’ என்று கேட்கும். ஆலாபனை முழுக்க இப்படி வரைவது பொறுமையைச் சோதிக்கிற வேலை. ஆனால் நிஷாதம் முழுசாக, அசைவோடு நிற்கிறது. இனி வீணைக்கு இதுதான் என் வழி.

அறை பற்றியும் சொல்லவேண்டும். சுவரில் பத்தமடைப் பாய் மாட்டினேன். பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் மெல்லிசு. உயர் அதிர்வெண் ஒலியில் கொஞ்சம் மட்டுமே குறையும். பழைய இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்தி வைத்ததும்தான் எதிரொலி அடங்கியது. 1000 ஹெர்ட்ஸின் கால் அலைநீளமே எட்டரை சென்டிமீட்டர், அந்த ஒலியை நன்றாக உறிஞ்ச அந்தத் தடிமன் வேண்டும்.

அடுத்து வலஜி. பக்கத்து ஊர்க்காரரான அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் தந்ததாகச் சொல்லப்படும் ராகம். அதிலும் கைசிகி நிஷாதம்தான்! அதற்குள் கிணற்றடி ஈர மண்ணில் எர்த் பைப் இறக்க எலக்ட்ரீஷியனிடம் சொல்லியிருக்கிறேன்.

காம்போதிக்குக் கூட வாசித்த வயலினின் மிக்ஸ் இன்னும் பாக்கி. அடுத்த அறையில் ஹெட்போனில் கேட்டு வாசித்தது, அதனால் வீணையின் ஒலி அதில் கலக்கவில்லை. தாழ்ந்த தந்தியே 164.8 என்பதால் அதற்குக் கீழே தைரியமாக வெட்டலாம். 3 கிலோஹெர்ட்ஸில் வில் உரசல் வீணையின் மீட்டோடு மோதுகிறது. இரண்டு டெசிபல் குறைத்து வைத்திருக்கிறேன், ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) இன்னும் போடவில்லை.