போர்ட்லாந்தின் சாசனம் மாறியபோது: ஓட்டுரிமை இல்லாமல் கதவு தட்டிய அனுபவம்

அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில், போர்ட்லாந்து நகரின் கிழக்குக் கோடியில் இருக்கிறது எங்கள் வீடு. 1980, 90-களில்தான் இந்தப் பகுதியில் பெரும்பங்கு நகரத்தோடு இணைந்தது. அதற்கு முன்பே நடைபாதை இல்லாமல் போடப்பட்ட தெருக்கள் இங்கே நிறைய உண்டு. எங்கள் தெருவும் அப்படித்தான். மழைக்காலத்தில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சேற்றோரமாக நடந்து பள்ளிப் பேருந்துக்குப் போவேன். இதை யாரிடம் கேட்பது என்று தேடப் போய்த்தான் நகர சாசனத்தை, அதாவது நகர ஆட்சி எப்படி நடக்க வேண்டும் என்று வகுக்கும் அடிப்படைச் சட்டத்தை, படிக்க ஆரம்பித்தேன்.

கோயம்புத்தூரில் வளர்ந்த எனக்கு, மாநகராட்சி ஆணையர் என்றால் அரசு அனுப்பிவைக்கும் அதிகாரி. போர்ட்லாந்தில் அப்போது ஆணையர் என்பவர் தேர்தலில் வென்ற அரசியல்வாதி. 1913-இல் வந்த முறை இது. மேயரும் நான்கு ஆணையர்களும் சேர்ந்துதான் நகர மன்றம். சட்டம் இயற்றுவதும் அவர்கள், துறைகளை நடத்துவதும் அவர்களே. குடிநீர் ஒருவர் கையில், சாலை இன்னொருவர் கையில் என்று மேயர் பிரித்துக் கொடுப்பார்; நினைத்தால் மாற்றியும் கொடுப்பார். ஐவரையும் நகரம் முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும். ஆகவே எங்கள் பகுதிக்கென்று தனியாக ஓர் உறுப்பினர் இருக்கவில்லை. அமெரிக்கப் பெருநகரங்களில் இந்த முறையைக் கடைசிவரை வைத்திருந்தது போர்ட்லாந்துதான். மாற்றும் முயற்சிகள் முன்பும் நடந்தன. 2007-இல்கூட மக்கள் பெருவாரியாக மறுத்துவிட்டார்கள்.

பத்தாண்டுக்கு ஒருமுறையாவது சாசனத்தை ஆராய ஒரு குழுவை அமைக்க வேண்டும் என்பது விதி. இம்முறை குழுவில் 20 பேர், எல்லோரும் தன்னார்வலர்கள். 15 பேர் ஒப்புக்கொண்டால் நகர மன்றத்தின் அனுமதி இல்லாமலே திருத்தம் நேரடியாக மக்கள் வாக்கெடுப்புக்குப் போய்விடும். எனக்கு அப்போது நிரந்தரமாகத் தங்க உரிமை தரும் பச்சை அட்டை (கிரீன் கார்டு) மட்டும்தான். ஓட்டுப் போட முடியாது. ஆனால் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் யாரும் பேசலாம் என்று அறிந்து, இணையவழியில் சேர்ந்தேன். பேசக் கிடைத்தவை சில நிமிடங்களே. நடைபாதையைப் பற்றி மட்டும் பேசினேன். அதுவே சரி என்று இன்றும் நினைக்கிறேன். நிர்வாகத் தத்துவம் பேச அங்கே பலர் இருந்தார்கள். எங்கள் தெருவைப் பற்றிச் சொல்ல நான்தான் இருந்தேன்.

2022 ஜூனில் குழுவில் 17 பேர் ஆட்சிமுறையை மாற்றும் திருத்தத்தை ஆதரித்தார்கள். திருத்தம் 26-228 என்ற எண்ணோடு நவம்பர் வாக்குச்சீட்டில் ஏறியது. அன்றாட நிர்வாகத்துக்குத் தொழில்முறை நகர நிர்வாகி ஒருவர். நான்கு தொகுதிகள், தொகுதிக்கு மூவர் வீதம் 12 உறுப்பினர்கள். வேட்பாளர்களை வரிசைப்படுத்தி வாக்களிக்கும் முறை. மூன்றும் ஒரே கேள்வியாக வந்தன. ஒன்று பிடித்து மற்றொன்று பிடிக்காதவர் என்ன செய்வார் என்ற ஆட்சேபம் நியாயமானது. அதைக் கேட்டவர்களோடு நான் வாதாடவில்லை. இந்த மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்பது என் எண்ணம். அதை மட்டும் சொன்னேன்.

திருத்தத்துக்கு ஆதரவு கேட்டு அக்டோபர் மழையில் வீடு வீடாகப் போனோம். ஒரு வாசலில், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர், தபாலில் வந்திருந்த வாக்காளர் கையேட்டைப் பேனாவால் கோடிட்டுப் படித்து வைத்திருந்தார். கதவை முழுதாகத் திறக்காமலே கேட்டார்: "ஆணையர் சரியில்லை என்றால் ஓட்டுப் போட்டு இறக்குவேன். இந்த நிர்வாகியை எப்படி இறக்குவேன்?" அத்தனை நாளில் நான் கேட்ட மிகச் சிறந்த கேள்வி அது. உங்களால் நேரடியாக இறக்க முடியாது என்றே சொன்னேன். மேயர் முன்மொழிவார், மன்றம் ஒப்புதல் தரும். உங்கள் பிடி மேயரிடமும் உங்கள் தொகுதியின் மூவரிடமும் இருக்கும். சாலைத் துறையும் குடிநீர்த் துறையும் ஒரே தலைமையின் கீழ் வரும். அந்தத் தலைமைக்கு அடுத்த தேர்தல் கவலை இருக்காது. அவர் "யோசிக்கிறேன்" என்றார். கையேட்டில் அந்தப் பக்கத்தின் ஓரத்தை மடித்தார்.

ஏறத்தாழ 58 சதவீத வாக்குகளோடு திருத்தம் நிறைவேறியது. பிறகு இரண்டாண்டு மாறுகாலம். தொகுதி எல்லைகளை வரைய ஒரு குழு உட்கார்ந்தது. 2025 ஜனவரியில் புது ஆட்சி தொடங்கியது. முதல் கூட்டத்திலேயே மன்றத் தலைவரைத் தேர்ந்தெடுக்கப் பல சுற்று வாக்கெடுப்பு நடந்தது. ஆறுக்கு ஆறு என்று சமமாகப் பிரியக்கூடிய 12 என்ற இரட்டைப்படை எண் இன்னும் சிக்கல் தரும் என்று எனக்குக் கவலை இருக்கிறது.

2024-இல் குடியுரிமை கிடைத்தது. என் முதல் வாக்குச்சீட்டு வந்த அன்று, கிழக்குப் பகுதிக்கான முதல் தொகுதியில் 16 பெயர்கள் இருந்தன. ஆறு பேர் வரை வரிசைப்படுத்தலாம். சமையலறை மேசையில் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, நடைபாதையைப் பற்றி யார் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராகப் படித்து, ஆறு வட்டங்களையும் நிரப்பினேன்.