கண் பழகிய இடங்கள்

இலங்கையின் வடக்கே, பரந்தன் சந்திக்கும் கிளிநொச்சி நகருக்கும் இடையில், ஏ9 வீதியைப் பார்த்தபடி இருக்கும் ஒரு சிறிய அச்சுக் கடையில் நான் வரைகலை வடிவமைப்பாளராக வேலை செய்கிறேன். தை, மாசியில் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிகளுக்கான சான்றிதழ்களும் பனர்களும், கோடை முழுவதும் கோயில் திருவிழா விஞ்ஞாபனங்களும், ஆடி, மார்கழி நீங்கலாக மற்ற மாதங்களில் கல்யாணக் கார்டுகளும் வரும். மரண அறிவித்தலுக்கும் நினைவு மலருக்கும் மட்டும் மாதக் கணக்கு இல்லை. கொழும்பில் விளம்பர நிறுவனங்களில் வேலை பார்க்கும் நண்பர்கள், வன்னியில் இருந்துகொண்டு புதிய யோசனைகளுக்கு எங்கே போகிறாய் என்று கேட்பதுண்டு. அந்தக் கேள்விக்குள் இருக்கும் சிறிய இரக்கத்தை நான் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறேன். ஆனால் கேள்விக்குப் பதில் உண்டு. இங்குள்ள மக்களின் கண் ஏற்கெனவே எவற்றைப் பார்த்துப் பழகியிருக்கிறதோ அவற்றிடமிருந்துதான் எனக்கு வேலை செய்யத் தெரிகிறது.

வடிவமைப்பு மாதிரிகளைப் படங்களாகப் பகிரும் பின்ரெஸ்ட் தளத்தை நானும் பார்ப்பேன். கட்டங்களாகப் பக்கத்தைப் பிரிப்பதையும் வெற்றிடத்தை வீணென்று நினைக்காமலிருப்பதையும் அதுபோன்ற தளங்களில்தான் கற்றேன். ஆனால் அங்கே இருக்கும் மாதிரிகள் எல்லாம் இரண்டு விடயங்களை உறுதியென்று எடுத்துக்கொள்கின்றன: எழுத்து ஆங்கில எழுத்தாக இருக்கும், படம் நல்ல கமராவில் எடுத்த படமாக இருக்கும். எங்கள் கடை மேசைக்கு வரும் வேலைகளில் பெரும்பாலும் இரண்டும் இருப்பதில்லை.

முதலில் படத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாளுக்கு ஒரு மலர் வெளியிடுவார்கள். அதைக் கல்வெட்டு என்றும் சொல்வோம். முதற்பக்கத்தில் படம், உள்ளே வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, தேவாரம், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எழுதிய புலம்பல், கடைசியில் நன்றி நவிலல். நடுவில் கம்பி அடிக்கும் புத்தகம் என்பதால் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்கவேண்டும். வம்சாவளியில் ஒரு கிளை கூடினால் அந்தக் கணக்கு குழம்பும். இவையெல்லாம் சமாளிக்கக்கூடியவை. சமாளிக்க முடியாதது முதற்பக்கப் படம். போர் முடிந்த 2009ஆம் ஆண்டுக்கு முன்பு எடுத்த அல்பங்கள் இடப்பெயர்வுகளில் போய்விட்ட வீடுகள் இங்கே மிக அதிகம். எழுபது வயதில் இறந்த ஒரு தாயின் இளவயதுப் படம் என்று கொண்டுவரப்படுவது பழைய அடையாள அட்டையின் கறுப்பு வெள்ளைப் படமாகவோ, உறவினர் ஒருவரின் கல்யாணக் கூட்டப் படத்தில் மூன்றாவது வரிசையில் பாதி மறைந்து நிற்கும் முகமாகவோ, கனடாவிலிருந்து வட்ஸ்அப்பில் வந்து வந்தே தேய்ந்த ஒரு படத்தின் படமாகவோ இருக்கும்.

அடையாள அட்டைப் படம் ஒரு தபால் தலையைவிடச் சற்றுப் பெரியது. அதை அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அடர்த்தியில் ஸ்கான் செய்து 300 அடர்த்தியில் அச்சிட்டால் இருமடங்குக்கு மேல் பெருக்க வழியில்லை. பெருக்கினால் அட்டையின் நெளிவும் முத்திரையின் மையும்தான் பெரிதாகுமே தவிர முகம் பெரிதாகாது. இப்போது கைபேசிச் செயலிகள் ஒரு நொடியில் அந்த முகத்தைத் தெளிவாக்கித் தருகின்றன. கண்ணிமையும் பல்வரிசையும் மூக்கின் ஒளியும் புதிதாக முளைத்துவிடும். அவற்றை அந்தச் செயலி எங்கும் பார்த்ததில்லை. ஆயிரக்கணக்கான வேறு முகங்களிலிருந்து ஊகித்துப் போட்டிருக்கிறது. மகன் ஒருவர் அப்படித் தெளிவாக்கிய படத்தைப் பெருமையோடு கொண்டுவந்து திரையில் விரித்தபோது, கூட வந்திருந்த அவருடைய பெரியம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது என்ர தங்கச்சியின்ர முகம் இல்லைப் பிள்ளை" என்றார். அவர் சொன்னது தொழில்நுட்ப ரீதியாகவும் முழுக்கச் சரி.

ஆகவே சிறிய படத்தைச் சிறியதாகவே வைப்பது என்பதை நான் ஒரு வழக்கமாக்கிக்கொண்டேன். முதற்பக்கத்தின் மேற்பாதியில் படம் தன்னுடைய உண்மையான அளவைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் போகாமல் நிற்கும், சுற்றிலும் வெள்ளை, கீழே பெயர் மட்டும் பெரிய எழுத்தில் வரும். முகத்தைத் தேடிக் கண் அருகே போகவேண்டியிருக்கும். வாடிக்கையாளர் பலர் முதலில் இதை மறுப்பார்கள். காசு கொடுத்து அடிக்கும் மலரில் படம் ஏன் சிறுத்திருக்கிறது என்பது நியாயமான கேள்விதான். அச்சுப்பிரதியைக் கையில் கொடுத்த பின்பு பெரும்பாலும் மறுப்பு நிற்கிறது, சில வேளைகளில் நிற்பதில்லை. நிற்காதபோது நான் பெருக்கிக் கொடுக்கிறேன். ஆனால் முகத்தில் எதையும் சேர்ப்பதில்லை.

இனி எழுத்து. எங்கள் கடையின் பழைய கோப்புகள் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தைப் பொருத்திய ஏற்பாடு. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முழுத் தேவாரமும் ஆங்கிலக் கிறுக்கலாக நிற்கும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் தரும் பொதுக் குறியீட்டு முறையான யுனிகோட்டின் முதற்பதிப்பிலேயே, 1991ஆம் ஆண்டிலேயே, தமிழ் இடம்பெற்றுவிட்டபோதிலும் இலங்கையின் சிறு அச்சகங்களில் பாமினி இன்னும் ஓய்வெடுக்கவில்லை. அதற்குக் காரணம் பழமைப்பற்று மட்டுமன்று. இலஸ்ரேற்றர் என்ற வரைகலை மென்பொருளில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தெரிவு செய்யாமல் யுனிகோட் தமிழை ஒட்டினால் ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். அந்தத் தெரிவு எந்தப் பட்டியலுக்குள் இருக்கிறது என்று யாரும் காட்டித் தராததால் பலர் யுனிகோட்டையே குறை சொல்லிவிட்டுப் பாமினிக்குத் திரும்பிவிட்டார்கள்.

எழுத்தின் வடிவத்தை நான் கற்ற இடம் வீதிதான். மும்மொழிப் பலகைகளைக் கவனித்தால் ஒரு விடயம் தெரியும்: மூன்று மொழிக்கும் ஒரே அகலமான இடம் ஒதுக்கப்படுகிறது, தமிழ் எழுத்துகள் இயல்பிலேயே அகலமானவை, எனவே தமிழ் வரியை மட்டும் பக்கவாட்டில் நெருக்கிப் பொருத்துகிறார்கள். அப்படி நெருக்கும்போது நிற்கும் கோடுகள் மெலிந்துவிடும், கிடக்கும் கோடுகள் பழைய தடிப்பிலேயே இருக்கும், ‘ண’கரத்தின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இருபது அடித் தூரத்தில் அந்தச் சொல் ஒரு கறுத்த பட்டியாகத் தெரியும். நெருக்குவதற்குப் பதிலாக எழுத்தின் அளவைக் குறைத்து வரி இடைவெளியைக் கூட்டினால் அதே இடத்தில் வாசிக்கலாம்.

மாறாக, பழைய கோயில்களின் முகப்பிலும் நாள்பட்ட லொறிகளின் நெற்றியிலும் ‘துணை’ என்ற சொல்லைப் பாருங்கள். தமிழ்நாட்டு அரசு 1978இல் ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய ‘ணை’ அங்கே இருக்கும்: கொம்பு தனியாக முன்னால் நிற்காமல், எழுத்தின் இடப்பக்கத்திலிருந்தே மேலெழுந்து வளைந்து அதனோடு ஒட்டியிருக்கும். தூரிகையை எடுக்காமல் எழுதியவரின் கையசைவு அந்த வளைவில் தெரியும். சீர்திருத்தம் தட்டச்சுக்கும் அச்சுக்கும் நல்லது, அதை நான் எதிர்க்கவில்லை. இருந்தாலும் ஒரு திருவிழா விஞ்ஞாபனத்தின் தலைப்புக்கு, அந்தக் கோயிலின் சொந்தப் பலகையில் உள்ள பழைய ‘ணை’யைப் படமெடுத்து அதன்மேல் கோடு பிடித்து வரைந்து போட்டபோது, தர்மகர்த்தா சபையில் இருந்த முதியவர்கள் என்ன மாறியிருக்கிறது என்று சொல்லத் தெரியாமலே இது எங்கட கோயில் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது என்றார்கள். எழுத்துரு வடிவமைக்கும், கொழும்பிலுள்ள மூனியாக் குழுவினர், சுவரில் விளம்பரம் ஒட்டாதே என்று எழுத்து வெட்டிய தகட்டை வைத்து அடிக்கும் எழுத்துகளின் சாயலில் ‘போஸ்ட் நோ பில்ஸ்’ எழுத்துருவை உருவாக்கி, அதன் தமிழ் வடிவத்துக்கு யாழ்ப்பாணத்தின் பெயரை வைத்ததும் இதே பார்வையால்தான் என்று நினைக்கிறேன்.

நிறத்தை எனக்குச் சொல்லித்தந்தது வெயில். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதங்களில் வீதியோர பிளெக்ஸ் பனர்கள் எப்படி வெளிறுகின்றன என்று நான் கவனித்து வருகிறேன். முதலில் மஞ்சளும் மஜெந்தாவும் போய்விடும், நீலமும் கறுப்பும் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். மாங்குளம் போகும் வழியில் பழைய பனர்களில் எல்லா அரசியல்வாதிகளும் நீல முகத்தோடு சிரித்துக்கொண்டிருப்பது இதனால்தான். கட்சி வேறுபாடு இல்லாமல் வெயில் செய்யும் காரியம் அது. அச்சில் சிவப்பு என்பது மஞ்சளும் மஜெந்தாவும் சேர்ந்து வருவது. இதை அறிந்தபின், நீண்டநாள் தொங்கவேண்டிய பனரில் தொலைபேசி எண்ணையும் இடத்தின் பெயரையும் நான் சிவப்பில் போடுவதில்லை. வாடிக்கையாளர் சிவப்புதான் எடுப்பாக இருக்கும் என்பார். முதல் மாதம் இருக்கும்.

வேகமும் ஒரு கணக்கு. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் போகும் பஸ் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீற்றர் கடக்கிறது. ஐம்பது மீற்றரிலிருந்து வாசிக்கத் தொடங்கும் பயணிக்கு மூன்று நொடிதான் கிடைக்கும். அந்த மூன்று நொடிக்குள் கடை உரிமையாளரின் படம், சாமி படம், இரண்டு பூங்கொத்து, பொருள்களின் முழுப் பட்டியல் ஆகியவற்றை எவராலும் பார்க்க முடியாது. பெயர், விற்பது என்ன, எந்தச் சந்தி என்ற மூன்றுக்கு மேல் ஏ9 வீதிப் பனரில் நான் சம்மதிப்பதில்லை. உள்வீதியில், சைக்கிளில் போகிறவர்கள் பார்க்கும் பலகை என்றால் வேறு கதை.

இங்கே எல்லோரும் வாசித்த ஒரு வடிவமைப்பு உண்டென்றால் அது மிதிவெடி எச்சரிக்கைப் பலகைதான். சிவப்புத் தளத்தில் வெள்ளை மண்டையோடு. எழுத்துத் தெரியாதவருக்கும் ஆடு மேய்க்கும் சிறுவனுக்கும் ஒரே நேரத்தில் ஒரே செய்தியைச் சொன்ன பலகை அது. பல இடங்களில் நிலம் துப்புரவாகி அவை அகற்றப்பட்டுவிட்டன, ஆனால் முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களின் கண்ணிலிருந்து அகலவில்லை. அதனால் ஒரு முன்பள்ளிக்குப் பெயர்ப்பலகை செய்தபோது, சிவப்புச் சதுரத்தில் வெள்ளைப் பொம்மை முகம் என்று வந்த யோசனையை நான் ஏற்கவில்லை. வேறெங்கும் அது அழகான பலகையாக இருந்திருக்கும்.

கல்யாணக் கார்டுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை; குத்துவிளக்கு, கும்பம், மயில், பொன்னிற மினுக்கம் என்று கேட்டதைக் கொடுக்கிறேன். ஒன்றில் மட்டும் கரை அலங்காரத்துக்கு, மணமகளின் அம்மம்மா பன் என்ற கோரைப்புல்லால் இழைத்த பாயின் பின்னலை எடுத்தேன். பாயில் வளைகோடு இல்லை. சாயமிட்ட பன் ஒன்றின்மேல் ஒன்று தாண்டிப்போகும் படிக்கட்டுக் கோடு மட்டும்தான் சாத்தியம். அந்தக் கட்டுப்பாட்டை அப்படியே கணினியில் எனக்கு நானே விதித்து, சதுரக் கட்டங்களை மட்டும் நிரப்பி வரைந்தபோது, பூவென்று எதையும் வரையாமலே பூப்போன்ற ஒன்று வந்தது. பாயில் ஓரிடத்தில் ஒரு வரிசை பிசகியிருந்தது. அதை நான் திருத்தவில்லை.

இப்போது மேசையில் இருப்பது, மொட்டைக்கறுப்பன் அரிசியைப் பொதிசெய்து விற்க விரும்பும் ஒரு விவசாயக் குடும்பத்தின் பொதி உறை. அந்தச் சிவப்பரிசியின் நிறமே போதும், உறையில் ஒரு தெளிவான சாளரம் விட்டு அரிசியைக் காட்டி, பெயரைப் பெரிய எழுத்தில் வைப்போம் என்பது என் எண்ணம். நிறை, விலை, பொதிசெய்த திகதி ஆகியவற்றுக்கும் இடம் வேண்டும். அவர்களுக்கு வயல் நடுவே தோகை விரித்த மயில் வேண்டும். மயில் நெல்லைக் கொத்தும், வயற்காரருக்கு அது எதிரியல்லவா என்றேன். வீட்டுக்கார அண்ணை சிரித்தாரே தவிர விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு மாதிரியையும் அச்சடித்து, கிளிநொச்சிச் சந்தையில் அவருடைய மச்சான் நடத்தும் கடையின் இறாக்கையில், மற்ற அரிசிப் பைகளுக்கு நடுவே வைத்துப் பார்ப்பது என்று முடிவாகியிருக்கிறது.