உப்புவெளி இரவுக் கணக்கு

10 பெப்ரவரி 2025, திங்கள்

நேற்று இலங்கை நாடே இருண்டது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஏறியதால் வந்த வினை என்று அமைச்சர் விளக்கம் சொன்னார். மாலையில் மின்சாரம் திரும்பிவிட்டாலும் இன்று ஒன்றரை மணி நேர வெட்டு உண்டாம். மின்விசிறி நின்றால் நுளம்பு தூக்கிக்கொண்டு போய்விடும் என்று மச்சாள் புலம்புகிறார். என் கவலையோ கால் குளிசை அளவுதான். இன்றிரவு முதல், நித்திரைக்காக நான் விழுங்கும் டயஸெபாம் 6 மில்லிகிராமிலிருந்து 5.5 ஆகிறது.

கணவர் இறந்தபோது இரண்டு கிழமைக்கு என்று ஒரு மருத்துவர் எழுதித் தந்த, பதற்றம் தணிக்கும் அல்பிரசோலம் குளிசை, மருந்துத் துண்டு கேட்காத ஒரு கடையின் தயவில் ஆண்டுக்கணக்காக நீண்டது. கிளினிக் டொக்டர் முதலில் அதை மாற்றினார். அல்பிரசோலம் ஏறக்குறைய பதினொரு மணி நேரத்தில் உடம்பில் பாதியாகிவிடும்; அடுத்ததைக் கேட்டு உடம்பு நச்சரிக்கத் தொடங்கும். டயஸெபாம் நாட்கணக்கில் தங்கி மெல்ல இறங்கும். அரை மில்லிகிராம் அல்பிரசோலத்துக்குச் சுமார் 10 மில்லிகிராம் டயஸெபாம் என்று தொடங்கி, அங்கிருந்து படிப்படியாக இறங்கி வருகிறேன்.

"இவ்வளவு சின்னக் குளிசையை ஒரேயடியாக வீசிவிட்டால் என்ன?" என்று தம்பி தொலைபேசியில் கேட்டான். வீசினால் வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். மூளையைத் தணிக்கும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை இந்தக் குளிசைகள் கூட்டிக் கொடுக்கின்றன. நாளடைவில் மூளை அதற்கேற்ப மரத்துப்போய் விடுகிறது. அந்த நிலையில் குளிசையைப் பறித்தால் தணிக்க ஆள் இல்லை. மூளை தன் வேலைக்குத் திரும்ப மாதங்கள் வேண்டும்.

16 பெப்ரவரி, ஞாயிறு

ஊரிலுள்ள எல்லோரிடமும் எனக்கென்று ஒரு மருந்து இருக்கிறது. மாமி சாதிக்காயை உரைத்துப் பாலில் கலந்து குடிக்கச் சொல்கிறார். ஒரு சிட்டிகை என்றால் மணத்துக்காவது உதவும். அளவு மீறினால் நெஞ்சு படபடத்து இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும் என்பதை மாமிக்கு யாரும் சொன்னதில்லை. பக்கத்து வளவு அண்ணர் இரவில் ஒரு போத்தல் கள் போதும் என்கிறார். மதுவும் அதே காபாவின் வாசலில்தான் போய் நிற்கிறது. குளிசையோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும். தடிமனுக்குக் கொடுக்கும் மஞ்சள் நிறக் குளிசை நல்ல நித்திரை தரும் என்றாள் பழைய சக ஊழியை ஒருத்தி. சில நாட்களில் உடம்பு அதற்கும் பழகிவிடும், காலையில் வாய் காய்ந்து தலை கனக்கும். கனடாவிலிருந்து வந்த உறவினர் மெலடோனின் என்ற தூக்க ஹோர்மோன் குளிசைப் புட்டி ஒன்றை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதற்கு யாரும் அடிமையாவதில்லை, உண்மைதான். ஆனால் ஆய்வுகளின் சராசரியில் அது தூக்கத்தை முந்திக் கொண்டுவருவது ஏழு நிமிடம் அளவில். நான் பார்த்துக்கொண்டு கிடப்பது மூன்று மணி நேரக் கூரையை.

எல்லோரும் எதையாவது விழுங்கத்தான் சொல்கிறார்கள். எனக்கு விழுங்கி அலுத்துவிட்டது.

21 பெப்ரவரி, வெள்ளி

கிளினிக்கில் ஒரு தாள் தந்தார்கள். எத்தனை மணிக்குப் படுத்தேன், ஏறக்குறைய எப்போது உறங்கினேன், எத்தனை தரம் விழித்தேன், எப்போது எழுந்தேன் என்று காலையில் நிரப்ப வேண்டும். நில அளவைப் படம் வரைந்தே ஓய்வு பெற்றவளுக்கு அந்தக் கோணல் கட்டங்கள் பொறுக்கவில்லை. வீட்டில் அளவுகோல் வைத்துப் புதிதாகக் கோடிட்டுக்கொண்டேன்.

கணக்கு வெட்கக்கேடு. கட்டிலில் கிடந்தது ஒன்பது மணி நேரம், உறங்கியது ஐந்து. நூற்றுக்கு 56. இது 85ஐத் தாண்ட வேண்டுமாம். வழி என்னவென்றால், தூக்கம் குறைந்தவளின் படுக்கை நேரத்தையும் குறைப்பது! ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்கர் 1987இல் எழுதிவைத்த முறை. உறங்கும் அளவுக்கு மட்டும் கட்டில்; தூக்கப் பசி கூடக்கூட இடைவெளிகள் அடைபடும்; விகிதம் ஏறியதும் கால் மணி நேரம் கூட்டிக் கொடுப்பார்கள். எனக்கு இரவு 11.30 முதல் காலை 5.30 வரை. ஐந்தரை மணி நேரமும் போதும் என்றுதான் சூத்திரம் சொல்கிறதாம். தூக்கக் குறைவும் வலிப்பைத் தூண்டும் என்பதால், குளிசையைக் குறைப்பவருக்கு டொக்டர் ஆறுக்குக் கீழே போக மாட்டாராம். வலிப்பு நோயோ இருமுனையக் கோளாறோ உள்ளவர்கள் இதைத் தாங்களாகச் செய்யவே கூடாது என்றார்.

இன்னொரு விதி றிச்சர்ட் பூட்சின் 1972இல் தந்தது. கட்டில் உறங்க மட்டும். தூக்கம் வராமல் இருபது நிமிடம் போல் ஆனால் எழுந்து வெளியே போய்விட வேண்டும், கண் சொக்கினால்தான் திரும்ப வேண்டும். கடிகாரம் பார்க்கக் கூடாது. இந்த இரண்டையும், தேநீர் கோப்பியிலுள்ள கபேன், வெளிச்சம், மனக்கவலை பற்றிய பயிற்சிகளையும் சேர்த்த சிகிச்சையைத்தான் நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது, குளிசைக்கு முன்னால். என்னைக் கேட்டால், எழுதும் மருத்துவருக்குக் குளிசைதான் வசதி. அரை நிமிட வேலை.

27 பெப்ரவரி, வியாழன்

நேற்றுச் சிவராத்திரி. முழு இரவும் விழிக்க வேண்டாம், பாதியோடு திரும்புங்கள் என்று டொக்டர் அனுமதி தந்திருந்தார். கோணேசர் கோயிலுக்குப் போகும் கோட்டை வாசலில் நெரிசல். மான்களும் வழிவிடாமல் நின்றன, மனிதர்களும் வழிவிடவில்லை. மேலே ஏறும்போது எனக்கு உள்ளூரச் சிரிப்பு. ஊர் முழுக்க ஒரு இரவு கண்விழிக்கப் பாடுபடுகிறது, எனக்கோ அதில் அனுபவம் அதிகம்.

முதலாம் யாமப் பூசை முடிந்து சுவரோரம் இடம் பிடித்தோம். சுற்றிலும் பிள்ளைகள் தேவாரம் பாடுகிறார்கள், யாரோ சுண்டல் நீட்டுகிறார்கள், கீழேயிருந்து கடற்காற்று. இன்று உறங்கத் தேவையில்லை என்ற எண்ணம் மட்டுந்தான் மனதில். இரண்டாம் யாமத்துக்கு மணி அடிக்கும்போது மச்சாள் விலாவில் இடித்தார்.

"நீர் சாயாதேயும்! இப்போது நித்திரை கொண்டால் விரதத்துக்குப் பலன் இல்லை."

அவர் மறுபடி இடித்தார், மறுபடி சாய்ந்தேன். இத்தனை மாதங்களாக நான் தேடிய பொருள் கையில் கிடைக்க, என் நாத்தனாரே தட்டிப் பறிக்கிறார். பக்கத்திலிருந்த கிழவி ஒருவர், "பாவம் பிள்ளை, களைப்பு" என்று எனக்காக வாதாடினார்.

இன்று டொக்டரிடம் தொலைபேசியில் சொன்னேன். சிரித்தார். உறங்க வேண்டும் என்ற முயற்சியே ஆளை விழிக்கவைக்கிறது, அதனால் விழித்திருக்கப் பார் என்று சொல்வதும் ஒரு சிகிச்சை முறையாம். சிவபெருமான் முன்பே கண்டுபிடித்துவிட்டார் போலும்.

9 மார்ச், ஞாயிறு

5 மில்லிகிராம். நேற்று முதல்.

காதில் ஓயாத கூவல், தொடையில் துடிப்பு, கெட்ட கனவுகள். எல்லாம் குறைப்பின் கூட்டாளிகள் என்று தெரிந்திருந்தும் எரிச்சல் வருகிறது. இரவு பதினொன்றரைவரை விழித்திருப்பதுதான் உண்மையான தண்டனை. ஒன்பதுக்கே கண் செருகுகிறது, கட்டிலில் சாய்ந்ததும் மூளை விளக்குப் போட்டுக்கொள்கிறது. எழுந்து விறாந்தையில் கதிரை போட்டு, மங்கிய வெளிச்சத்தில் பழைய சாரங்களுக்கு ஓரம் தைக்கிறேன். கைத்தொலைபேசி மச்சாளின் அலுமாரியில் பூட்டப்பட்டிருக்கிறது. வாசிக்கலாம் என்றார்கள், எனக்குப் புத்தகம் தூக்கத்தைக் கெடுக்கும், தையல் அலுக்கவைக்கும்.

எப்படி உறங்கினாலும் ஐந்தரைக்கு எழுந்து கடற்கரைக்கு நடக்கிறேன். எங்கள் கரையில் சூரியன் கடலிலிருந்தே எழுவது ஒரு வசதி. காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் உடம்பின் கடிகாரம் அங்கிருந்து எண்ணத் தொடங்கி, இரவுத் தூக்கத்தையும் ஒரே நேரத்துக்கு இழுத்து வருகிறது. கரைவலை இழுப்பவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

23 மார்ச், ஞாயிறு

உறவில் இறந்த ஒருவருக்கு முப்பத்தொன்றாம் நாள் கிரியை. கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனோம். தாய்க்குக் கிரியை செய்ய இராவணன் உண்டாக்கியதாகச் சொல்லப்படும் ஏழு கிணறுகள். ஒவ்வொன்றிலும் வேறு வேறு சூடு. சாமான் மூட்டைகளோடு நின்று வாளி வாளியாக ஊற்றிக்கொண்டேன். அன்றிரவு சொன்ன நேரத்துக்கு முன்பே கண் சுழன்றது.

மந்திரம் எதுவும் இல்லை. படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு நாற்பது பாகை அளவுச் சுடுநீரில் பத்து நிமிடம் குளித்தால் கை கால் தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து உள்வெப்பம் வெளியேறுகிறது. உடம்பின் உட்சூடு இறங்குவதுதான் தூக்கத்துக்கு அழைப்பு. ஆகவே இனி வீட்டிலும் இரவு பத்து மணிக்கு ஒரு வாளி சுடுநீர். திருகோணமலை வெயிலில் தண்ணீர் காய்ச்சிக் குளிக்கும் ஒரே பெண் நானாகத்தான் இருப்பேன் என்று மச்சாள் விறகுக் கணக்குப் பார்க்கிறார்.

15 ஏப்ரல், செவ்வாய்

புத்தாண்டு. பலகாரம், விருந்தினர், வீடு வீடாகப் பிளேன்டீ. மாலை ஐந்து மணிக் கோப்பையின் கபேனில் பாதியளவு இரவு பத்துக்கும் உடம்பில் இருக்கும் என்பதால் பகல் பன்னிரண்டோடு நிறுத்தினேன். மூன்று வீடுகளில் மனத்தாங்கல்.

தாளில் 86. படுக்கை நேரம் இனி 11.15க்குத் தொடங்கும். கால் மணி நேரத்துக்காக இவ்வளவு மகிழ்ச்சி அடைந்ததை அலுவலகத்துப் பழைய ஆட்கள் பார்த்தால் சிரிப்பார்கள்.

18 மே, ஞாயிறு

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. பகலெல்லாம் மண்ணை வாரி இறைத்துவிட்டு இரவில் சுவர்களின் சூட்டை எங்களிடம் விட்டுப்போகிறது. 4 மில்லிகிராமுக்கு இறங்கியதும் இதோடு சேர்ந்துகொண்டது. விகிதம் 70க்குக் கீழே. பழைய கடைப்பக்கம் கால் இழுத்தது. ஓட்டோவை மறிக்கக் கையைக்கூட நீட்டினேன். பிறகு கிளினிக்குக்குத் தொலைபேசி எடுத்தேன். அடுத்த குறைப்பைத் தள்ளிப்போட்டார்கள், பழைய அளவுக்குத் திரும்பவில்லை. அலை வரும், போகும், ஏறிய படியில் நின்றுகொள்ளுங்கள் என்றார் தாதி.

கட்டிலை விறாந்தைக்கு மாற்றி நுளம்பு வலை கட்டினோம். எட்மண்ட் ஜேக்கப்சன் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த தசைப் பயிற்சியையும் செய்கிறேன். பாதத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு தசையாக இறுக்கி, சில நொடி பிடித்து, விட வேண்டும். தோளுக்கு வரும்போதுதான் அது எப்போதும் காதுக்குக் கீழே இறுகியே கிடக்கிறது என்று தெரிகிறது. நித்திரை வருவதற்காகச் செய்யாமல், தோளுக்காகவே செய்கிறேன். அப்படிச் செய்தால்தான் வருகிறது.

15 ஜூன், ஞாயிறு

3.5. விகிதம் 88. இன்னும் நல்ல இரவுகளும் தறிகெட்ட இரவுகளும் கலந்தே வருகின்றன.

பின்வீட்டுத் தங்கச்சி படலையில் நின்று மெல்லக் கேட்டாள்: "அக்கா, உங்களுக்குத்தான் குறைந்துவிட்டதே, மிச்சம் இருந்தால் இரண்டு தருவீர்களா?" கணவன் கட்டாரில். கைக்குழந்தை. எனக்கும் இரண்டு என்றுதான் தொடங்கியது. தர மாட்டேன் என்றேன். முகம் கறுத்துப்போனாள். 1926 என்ற தேசிய மனநல உதவித் தொலைபேசி எண்ணை ஒரு கடதாசியில் எழுதி, என்னோடு கிளினிக்குக்கு வரச் சொன்னேன். கோடிட்ட தாள் ஒன்றையும் கையில் திணித்தேன்.

மாலையில் படலையைத் தட்டினாள். கோபம் முழுதாகப் போகவில்லை. பிள்ளை அழுததால் எழுந்ததை விழித்த கட்டத்தில் எழுதுவதா, தனிக் கட்டம் போடுவதா என்று கேட்டாள். நான் அளவுகோலை எடுத்து வந்தேன்.